புள்ளிகள் கோலமாகட்டும்!

எண்ணறிவையும் எழுத்தறிவையும் மனிதரின் இரு கண்களாக நம் முன்னோர் கருதினர். எழுத்தாகிய கண்ணை நாம் நன்றாகவே பயன்படுத்துகிறோம். கதை படிக்கிறோம், கடிதம் படிக்கிறோம், கடைப் பலகையையும் விடாமல் படிக்கிறோம். ஆனால் எண்ணாகிய கண் மட்டும் கணித வகுப்பு முடிந்ததும் தூங்கப் போய்விடுகிறது. நாளிதழில் அணையின் நீர்மட்டம் வருகிறது, மழையளவு வருகிறது, விலைவாசி வருகிறது, தேர்ச்சி விழுக்காடு வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்!

குற்றம் நம்முடையது மட்டும்தானா? வரிசை வரிசையாக எண்களை அடுக்கி ஒரு பட்டியலை நம் முன் நீட்டினால், அதில் எதைக் காண்பது? எண்களின் தொகுப்பைத் தமிழில் ‘புள்ளிவிவரம்’ என்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்! வாசல் தெளித்துக் கோலமிடும் ஊரில் பிறந்த நமக்குப் புள்ளியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புள்ளி வைத்தவுடன் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு யாராவது உள்ளே போய்விடுவார்களா? இழை இழுத்துச் சேர்த்த பிறகல்லவா அது கோலமாகிறது? ஆனால் புள்ளிவிவரத்தில் மட்டும் நாம் புள்ளியோடு நிறுத்திவிடுகிறோம்.

எண்களைத் திரட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது, அவற்றைப் படமாக வரைந்து, அந்த எண்கள் யாருடைய வாழ்க்கையைப் பற்றியவையோ அவர் கண் முன் வைப்பதிலும் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்தது. இது எங்களுக்குப் புத்தகத்தில் கிடைத்த கருத்தன்று. ஓர் அப்பத்தாவிடம் கற்ற பாடம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக எங்களில் சிலர் காரைக்குடிக்கு அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அங்கன்வாடியைக் கூட்டிப் பெருக்கி, சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம். அன்று குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஓர் அப்பத்தா தம் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு அப்போதுதான் ஓராண்டு நிறைந்திருந்தது. பணியாளர் அம்மையாரை ஊரார் ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள். அவர் எடை போட்டுப் பார்த்து, “ஏழரைக் கிலோ இருக்கா, அப்பத்தா” என்றார். “சரி டீச்சர்” என்று சொல்லி அப்பத்தா கிளம்ப எழுந்தார்.

ஏழரைக் கிலோ என்பது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அருகில் நின்ற மேல்நிலை வகுப்பு மாணவியராகிய எங்களுக்கும் தெரியவில்லை!

டீச்சர் விடவில்லை. “அட்டையக் குடுங்க அப்பத்தா” என்றார். மஞ்சள் பைக்குள்ளிருந்து தாய் சேய் நல அட்டை வெளியே வந்தது. சில மாதங்களாக அதில் புள்ளி வைக்கப்படவில்லை. எடையெல்லாம் கைப்பேசியிலேயே ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. டீச்சர் ஒவ்வொரு மாத எடையையும் சொல்லச் சொல்ல, எங்களில் ஒருத்தி புள்ளி வைத்தாள். மற்றொருத்தி கோட்டால் சேர்த்தாள். கணித நோட்டில் எத்தனையோ வரைபடங்கள் போட்டிருக்கிறோம். அவையெல்லாம் மதிப்பெண்ணுக்காக. இது ஒரு குழந்தைக்காக.

கோடு பிறந்த மாதத்திலிருந்து ஏறி ஏறி வந்தது. ஒன்பதாம் மாதத்தில் நின்றது. அதன்பின் சற்றே சரிந்தும் விட்டது. எழுத்தறியாத அந்த அப்பத்தா அட்டையைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்.

“ஏறி வந்த கோடு இந்த எடத்துல படுத்துக்கிருச்சே, ஏன் ஆத்தா?” என்று எங்களைக் கேட்டார். நாங்கள் விடை தேடுவதற்குள் அவரே சொல்லத் தொடங்கினார். “இவ அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போன மாசமுல்ல அது! பால மறக்கடிச்சு எங்கிட்ட விட்டுட்டுப் போனா. அதுலருந்து கஞ்சித் தண்ணிதான் குடுக்குறேன். நடுவுல வயித்தாலயும் போச்சு.”

மூன்று மாத இரகசியம் மூன்று நிமிடத்தில் வெளிப்பட்டுவிட்டது. ‘ஏழரைக் கிலோ’ என்ற எண்ணால் அதை வெளிக்கொணர முடியவில்லை. ஒரு கோட்டால் முடிந்தது. நீர்க்கஞ்சியை விட்டுப் பருப்பு மசித்த சோறு, முட்டை, சத்துமாவு என்று கெட்டியாகக் கொடுக்கும்படியும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டும்படியும் டீச்சர் சொன்னார். அப்பத்தா அட்டையைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என மூன்று நிறப் பட்டைகள் இருக்கின்றன. ஓராண்டு நிறைந்த பெண் குழந்தை 7 கிலோவுக்குக் குறையாதிருந்தால் பச்சைப் பட்டைக்குள் வந்துவிடும். ஆகவே அந்தக் குழந்தை அன்றைக்கும் பச்சையில்தான் இருந்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர் ‘குறையொன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டிருப்பார்.

அதே வயதில், அதே ஏழரைக் கிலோ எடையுள்ள இன்னொரு பெண் குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் ஒன்பதாம் மாதத்தில் 6.3 கிலோ, மஞ்சள் பட்டையில் இருந்தவள். மூன்று மாதத்தில் 1.2 கிலோ ஏறி இன்று பச்சைக்கு வந்திருக்கிறாள். பதிவேட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே எண்தான். ஆனால் ஒருத்தி ஏறிக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வீட்டில் மகிழ வேண்டும். ஒரு வீட்டில் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். எண் நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. கோடு நாம் போகும் திசையைச் சொல்கிறது. திசை தெரிந்தால்தானே வழி தவறியதும் தெரியும்?

இந்த அட்டையின் வரலாறு சுவையானது. 1950-களின் பிற்பகுதியில் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் நைஜீரியாவில் இமேசி-இலே என்ற சிற்றூரில் பணியாற்றினார். குழந்தைகள் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருவதைக் கண்டு, நோய் வருமுன்பே எச்சரிக்கும் வழியைத் தேடினார். மாதந்தோறும் எடை பார்த்து, அட்டையில் இரு வளைகோடுகளுக்கு இடையே ஒரு பாதையைப் போல வரைந்து, குழந்தையின் கோடு அப்பாதையோடு செல்கிறதா என்று தாய்க்கே காட்டினார். ‘நலத்திற்கான பாதை’ என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த அட்டையை மருத்துவமனை அலமாரியில் பூட்டி வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார் என்பதுதான் அதன் பெருஞ்சிறப்பு.

அந்தப் பாதை நம் ஊர்ப் பக்கமும் வந்தது. 1980-ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்’ தொடங்கப்பட்டது. முதலில் அது வேர்விட்ட இடம் எது தெரியுமா? நம் சிங்கம்புணரிக்கு அப்பால், மதுரை மாவட்டத்து எல்லையில் இருக்கும் கொட்டாம்பட்டி ஒன்றியம்! பிறகு பரவிய மாவட்டங்களுள் இராமநாதபுரமும் ஒன்று. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அதுவரை நம் காரைக்குடியும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அத்திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். நிறுத்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. எடையை அட்டையில் புள்ளியாக வைத்துக் கோடு வரைந்தார்கள். எந்தக் குழந்தையின் கோடு தொடர்ந்து ஏறாமல் நின்றதோ அந்தக் குழந்தைக்கு 90 நாள்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். கோடு நிமிர்ந்ததும் அதை நிறுத்தித் தாய்க்கு வழிமுறைகளைச் சொல்லி அனுப்பினார்கள். மருந்தோ பெரிய கருவியோ அங்கு முதலில் பேசவில்லை. ஒரு பென்சில் கோடு பேசியது. அத்திட்டம் நடந்த ஊர்களில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் கூறின. இரண்டாம் கட்டம் 1997 வரை நடந்தது. பின்னர் அதன் பணிகள் அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்தன. இன்று நம் பெற்றோராக இருப்பவர்களில் சிலரே, அன்று அந்தத் தராசில் ஏறி அழுத குழந்தைகளாக இருக்கக்கூடும்!

இன்று அட்டையில் இருக்கும் பாதையை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து அதை அமைத்தார்கள். நல்ல உணவும் நல்ல கவனிப்பும் கிடைத்தால், தொடக்க ஆண்டுகளில் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்கிறது என்பது அந்த ஆய்வில் தெரியவந்தது. ‘எங்க வம்சமே ஒல்லிதான்’ என்றும் ‘பொட்டப்புள்ள அப்படித்தான் இருக்கும்’ என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளும் வீடுகளில் இந்தச் செய்தியை உரக்கச் சொல்ல வேண்டும். பெண் குழந்தைக்குத் தனி வரைபடமே உண்டு. அவள் கோடு படுத்துக்கிடந்தால் அதற்குக் காரணம் அவள் பெண்ணாகப் பிறந்தது அன்று.

தாய்க்குக் காட்ட வேண்டிய படத்தைப் போலவே, ஆள்வோருக்குக் காட்ட வேண்டிய படமும் உண்டு. கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் பாடத்தில் படிக்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-இல் 38 செவிலியரோடு கிரிமியப் போரின் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்க அருட்சகோதரியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர் விளக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர் பென்சிலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பகைவரின் குண்டால் மாண்ட வீரரைவிட, தூய்மையின்மையால் பரவிய தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவரே மிகப் பலர் என்பதை அவர் கணக்கிட்டுக் கண்டார். அந்தக் கணக்கைப் பட்டியலாக நீட்டியதோடு அவர் நிற்கவில்லை. மாதத்திற்கு ஓர் இதழாகப் பன்னிரண்டு இதழ் கொண்ட மலர் போன்ற படத்தை 1858-இல் வெளியிட்டார். நோயால் மாண்டவருக்கு நீலம், காயத்தால் மாண்டவருக்குச் சிவப்பு, பிற காரணங்களுக்குக் கறுப்பு. சிவப்பு சிறுத்திருக்க, நீலம் பரந்து விரிந்து கிடந்ததைக் கண்ட எவரும் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. அதே ஆண்டில் அவர் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார். படம் வரைவது அவருக்குப் பொழுதுபோக்கன்று, இறந்தவர்களுக்காக வழக்காடுவது.

இத்தனை சொன்ன நாங்களே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். படம் உண்மையைக் காட்டுவது போலவே பொய்யும் காட்டும். ஒரு தனிப்பயிற்சி நிலையம் தன் தேர்ச்சி 94 விழுக்காடு என்றும் எதிர்க்கடையின் தேர்ச்சி 92 விழுக்காடு என்றும் இரு தூண்களை வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். தூணின் அடி பூச்சியத்தில் தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அடியை 90-இல் தொடங்கிவிட்டால்? ஒன்றின் உயரம் 4, மற்றதன் உயரம் 2. பார்ப்பவர் கண்ணுக்கு இருமடங்கு! எண் எதுவும் பொய்யில்லை. படம் முழுவதும் பொய். ஆகவே விளம்பரத்திலோ தொலைக்காட்சியிலோ ஒரு வரைபடத்தைக் கண்டால் ‘அடி எங்கே தொடங்குகிறது?’ என்று முதலில் கேட்போம். ‘இதை வரைந்தவர் எதை விட்டுவிட்டார்?’ என்று அடுத்துக் கேட்போம். வரையக் கற்பதைப் போலவே இப்படிக் கேட்கக் கற்பதும் கல்விதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2021 முதல் அங்கன்வாடிகளில் குழந்தைகளின் எடையும் உயரமும் ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் ஏற்றப்படுகின்றன. விவரம் நொடியில் தலைநகரம் வரை போய்ச் சேர்கிறது. இது நன்மையே, இதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் நெடுந்தொலைவில் இருப்பவருக்குத் தெரிந்தது, இடுப்பில் குழந்தையோடு எதிரில் நிற்கும் அப்பத்தாவுக்குத் தெரியாமல் போகலாமா? குழந்தைக்குச் சோறூட்டப் போவது தலைநகரமா, அப்பத்தாவா? கைப்பேசியில் ஏற்றிய கையோடு அட்டையிலும் ஒரு புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். பல பதிவேடுகளையும் சமையலையும் பிள்ளைகளையும் ஒருங்கே சுமக்கும் பணியாளருக்கு அதற்கு நேரமில்லையென்றால், நம்மைப் போன்ற மாணவியர் எடை பார்க்கும் நாளில் சென்று உதவலாமே! பத்தாம் வகுப்பு வரை வரைபடம் படித்த கைக்கு இது பெரிய வேலையா?

பிறர் வீட்டுக் கோட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டுக் கோட்டைப் பற்றிப் பேசாதிருப்பது முறையன்று. எங்கள் சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும் பொறுத்தருள்வார்களாக! மதிப்பெண் அட்டையைப் பற்றித்தான் சொல்கிறோம்.

காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று அட்டை வீட்டுக்குப் போகிறது. அப்பா முதலில் பார்ப்பது எதை? எத்தனையாவது ரேங்க் என்பதை. அடுத்த வீட்டுப் பெண் எத்தனையாவது என்பது அம்மாவின் கேள்வி. கணிதத்தில் 35-இல் இருந்து 48-க்கும், 48-இல் இருந்து 57-க்கும் முட்டி மோதி ஏறியவள் ‘இன்னும் அறுபதைத் தாண்டலையா?’ என்று திட்டு வாங்குகிறாள். 95-இல் இருந்து 88-க்கும், 88-இல் இருந்து 81-க்கும் இறங்கியவளோ ‘எண்பதுக்கு மேலதானே’ என்று பாராட்டுப் பெறுகிறாள். முதலாமவளின் உழைப்பையும் யாரும் காணவில்லை. இரண்டாமவளின் மனத்தை எது அரிக்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை. இருவருமே தனியாக விடப்படுகிறார்கள். அங்கன்வாடியில் ஏழரைக் கிலோ என்ற எண்ணால் ஏமாந்திருப்போமே, அதே ஏமாற்றம்தான் இதுவும்.

பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. அரசு விட்டதை வீடு விட வேண்டாமா? எங்கள் வேண்டுகோள் சிறியது. மதிப்பெண் அட்டையின் பின்புறம் ஒரு கட்டத் தாள் ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் அந்த மாணவியே தன் புள்ளியை வைத்துக் கோட்டை இழுக்க வேண்டும். அவளை அவளோடு மட்டுமே ஒப்பிடும் படம் அது. அதை அறிவிப்புப் பலகையில் மாட்டக்கூடாது. வளர்ச்சி அட்டை தாயின் பையில் இருப்பது போல, அவள் பையில்தான் இருக்க வேண்டும்.

‘வினாத்தாள் ஒருமுறை எளிதாகவும் ஒருமுறை கடினமாகவும் இருக்குமே, கோட்டை எப்படி நம்புவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தராசைப் போல வினாத்தாள் எப்போதும் ஒரே அளவாயிராது. ஆகவே கோட்டைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம் என்கிறோம்; கேள்வியாகக் கொள்ளுங்கள் என்கிறோம். அந்த அப்பத்தா குழந்தையையும் திட்டவில்லை, டீச்சரையும் திட்டவில்லை. ‘இந்த எடத்துல ஏன் படுத்துக்கிருச்சு?’ என்றுதான் கேட்டார். கேட்டதும் அவருக்கே விடை தெரிந்தது. நம் வீடுகளிலும் அப்பாவும் அம்மாவும் மகளும் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். சில வீடுகளில் விடை ‘கண் சரியாகத் தெரியவில்லை’ என்று இருக்கலாம். சில வீடுகளில் ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சமையல் என் தலையில்’ என்று இருக்கலாம். சில வீடுகளில் விடை சொல்ல வாய் வராமல் கண்ணீர் வரலாம். ரேங்க் என்ற ஒற்றை எண் இவற்றில் எதையேனும் கேட்டுச் சொன்னதுண்டா?

அந்தச் சிற்றூருக்கு அண்மையில் மீண்டும் சென்றிருந்தோம். பேத்தியின் கோடு மெல்லத் தலைதூக்கியிருக்கிறது. பழைய பாதைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் இப்போது எடை பார்க்கும் நாளன்று எண்ணைக் கேட்டவுடன் அப்பத்தா எழுந்து போவதில்லையாம். அட்டையை நீட்டி, “புள்ளிய வச்சுக் காட்டிட்டுப் போங்க டீச்சர்” என்கிறாராம்.

அன்புத் தோழியரே, எழுத்தறியாத ஒருவர் கேட்டுப் பெறும் அந்த உரிமையை, எழுதப் படிக்கத் தெரிந்த நாமும் கேட்டுப் பெறுவோம். கேட்கத் தெரியாதவர்க்கு நாமே வரைந்தும் கொடுப்போம். புள்ளி வைப்பதோடு நில்லாமல் கோலத்தையும் முடித்துவிட்டு எழுவோம்!